பொய்த்த தலைப்புக்கள்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)

    

இன்று யான் இப்பொருளைப் பற்றிப் பேச நேர்ந்த வரலாற்றை முதற்கண் விண்ணப்பித்துக்கொள்ளுகின்றேன். விழா அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே "சிறப்புரை" என்று அச்சிடுமாறு காரியதரிசி அவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அச்சாகி வந்தபொழுது அது "சிரிப்புரை" என்று இருந்தது. வல்லின றகரம் வீற்றிருக்க வேண்டிய ஆசனத்தில் இடையின ரகரமானது இகரத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அமர்ந்துவிட்டது. கண்டுபிடிப்பதற்குள் ஐந்நூறு பிரதிகளும் ஊரெங்கும் போய்ச் சேர்ந்துவிட்டன.

யான் ஆயத்தம் செய்து வைத்திருந்த பொருளோ "புறப்பாடல்களிற் கையறுநிலை" என்பது. இறந்தோரை நினைந்து புலம்பும் துறை அது. அதனைச் சிரிப்புரையாக ஆற்றும் வன்மை எனக்கு இல்லை. "வேறு அழைப்பிதழ் அச்சிட்டுவிடலாமா?" என்று காரியதரிசி கேட்டார்கள். செலவு எவ்வளவு என்று விசாரித்தேன். தலைப்பை மாற்றுவதினும் பேச்சை மாற்றுவது மலிவு என்று தெரிந்தது. இங்ஙனம் ஒரு தலைப்பு, தான் பொய்யாகப் பிறந்தும், மெய்யான ஒரு மனிதனைத் தனக்கேற்ப வளைத்துக்கொண்டது. ஆதலின், தலைப்புக்களைப் பற்றியே பேசுவது தகுதியாகும் என்று துணிந்தேன்.

செய்திக்குத் தலைப்பு, வீட்டிற்கு வாயில் போன்றது என்று சொல்லலாம். வாயில் உள்ளே செல்லுவதற்காக ஏற்பட்டது. ஆனால் நம்மிற் பலர் வாயிலை மாத்திரம் பார்த்துவிட்டு, உள்ளே இலை போட்டு விருந்துண்டு வந்தவர்களைப் போலப் பேசுகின்றோம். பாயசத்திற் சர்க்கரை குறைவு என்றும் குறை கூறுகின்றோம். இவ்வழக்கம் நமக்கு மாத்திரம் உரியதன்று. உலகத்தார் அனைவர்க்கும் பொது. வாயிலோடு நிற்கும் வாசகர் கூட்டம் இருப்பதனாலேயே, வாயிலை மாத்திரம் கட்டி வீட்டைக் கட்டாது விடும் பத்திரிகைகளும் எக்காலத்தும் இருந்து வந்திருக்கின்றன.

நன்னூல் பயின்றோர் கால வழுவமைதியை அறிவர். ஒரு காலத்திற் சொல்ல வேண்டுவதை வேறு காலத்திற் சொல்லுவது வழு. எனினும் விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்கள் பற்றி வருமாயின் இலக்கண ஆசிரியர் அதனைப் பொறுத்துக்கொள்ளுவர். இலையின் முன் அமர்ந்து உண்பவனை வாயிலில் நிற்கும் நண்பன் அழைத்தால், "இதோ வந்துவிட்டேன்" என்கின்றான். வந்துவிடவில்லை, இன்னும் மோர்ச்சோறு பாக்கி இருக்கின்றது. இது விரைவு. கள்வர் மிகுந்த காட்டுவழியே புறப்படுவோனைக் கண்டு, "துணியைப் பறிகொடுத்தான்" என்கின்றோம். அவன் துணி இன்னும் அவன் இடையில்தான் இருக்கின்றது. இது மிகுதி. எறும்புகள் முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறக் கண்டால், "மழை பெய்தது" என்கின்றோம். ஒரு துளியும் விழவில்லை. இது தெளிவு. உலகத்துப் பத்திராதிபர்கள் நன்னூல் ஓதியவர்கள் அல்லர். ஆயினும் இம்மூன்று வழுக்களையும் அவர்கள் வழுவாமற் கடைப்பிடித்து வந்திருக்கின்றனர். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, விரைவு. அமெரிக்க நாட்டில் 1948-ம் ஆண்டு நவம்பர் 2-ம் தேதி குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்தது. பதவியிலிருந்த ட்ரூமன் ஒரு பக்கம். நியூயார்க் மாகாண கவர்னர் டூயி மறு பக்கம். டூயியே வெல்லுவார் என்று கணிப்பாளர்களும் பத்திரிகைகளும் பல வாரங்களாகக் கூறி வந்தனர். அந்நாளிற் சிகாகோ நகரத்து "டெய்லி ட்ரிப்யூன்" பத்திரிகைக்கு ஓர் இடையூறு இருந்தது. அச்சுக்கோப்போர் வேலைநிறுத்தம் செய்திருந்தமையால், செய்திகளைத் தட்டச்சுப் பொறியில் அடித்து, படம் பிடித்து, தகடாக்கி அச்சிட வேண்டியிருந்தது. அதனால் வழக்கத்தினும் பல மணி நேரம் முன்னதாகவே பக்கங்களை முடிக்கும்படி நேர்ந்தது. வாக்குக்கள் எண்ணி முடியுமுன்னரே, "டூயி ட்ரூமனைத் தோற்கடித்தார்" என்று கொட்டை எழுத்திற் தலைப்பிட்டு, ஏறத்தாழ 1,50,000 பிரதிகளை அச்சிட்டுவிட்டனர். எண்ணி முடித்துப் பார்த்தபொழுது தேர்வாளர் வாக்குக்களில் ட்ரூமனுக்கு 303, டூயிக்கு 189. இரண்டு நாள் கழித்துச் செயின்ட் லூயி நகரத்துப் புகைவண்டி நிலையத்தில், ட்ரூமன் அப்பத்திரிகையை இரண்டு கைகளாலும் உயர்த்திப் பிடித்து வாய் நிறையச் சிரித்தார். அந்தப் படம் உலகப் பிரசித்தமாயிற்று.

அன்பர்களே, அந்தத் தலைப்பு சொன்னபடி உலகம் நடந்திருக்குமாயின் எப்படியிருக்கும் என்று யான் எண்ணிப் பார்த்ததுண்டு. உண்மையில் ஒருவாறு நடக்கவும் செய்தது. அப்பத்திரிகை புகுந்த வீடுகளில், அடுத்த பதிப்பு வந்து சேரும் வரையில், டூயி அவர்களே குடியரசுத் தலைவர். அவ்வாட்சி காலைக் காப்பியுடன் தொடங்கியது. அதில் வரி உயரவில்லை; போர் மூளவில்லை; மந்திரி ஒருவரும் கைக்கூலி வாங்கவில்லை; வாக்குறுதி ஒன்றேனும் மீறப்படவில்லை. காப்பி ஆறுமுன் ஆட்சியும் முடிந்தது. உலக சரித்திரத்திற் குற்றம் சிறிதுமில்லாத அரசாட்சி ஒன்று உண்டெனில் அஃது இதுவே என்று துணிந்து கூறுவேன்.

இரண்டாவது, மிகுதி. அதே நாட்டில், 1936-ம் ஆண்டுத் தேர்தலின்போது "லிட்டரரி டைஜஸ்ட்" என்னும் வாரப் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடி பேருக்கு மாதிரி வாக்குச்சீட்டுக்களை அனுப்பி, அவர்கள் கருத்தைக் கேட்டது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுக்கள் திரும்பி வந்தன. "லாண்டன் 12,93,669, ரூஸ்வெல்ட் 9,72,897" என்று எண்ணையே தலைப்பாக்கி வெளியிட்டனர். இத்தனை இலட்சம் பேர் கூறியது பொய்க்குமோ? பொய்த்தது. இருந்த 48 மாகாணங்களில் 46 ரூஸ்வெல்ட்டுக்குக் கிடைத்தன. லாண்டனுக்கு மெயின், வெர்மான்ட் என்னும் இரண்டே மிஞ்சின.

காரணம் என்ன? சீட்டு அனுப்புவதற்குரிய விலாசங்களைப் பெரும்பாலும் தொலைபேசிப் புத்தகத்திலிருந்தும் மோட்டார் வண்டிப் பதிவேட்டிலிருந்தும் எடுத்தனர். அமெரிக்காவிற் பஞ்சமும் வேலையின்மையும் தாண்டவமாடிய காலம் அது. தொலைபேசியும் மோட்டாரும் இல்லாத ஏழை மக்களை ஒருவரும் கேட்கவில்லை. அன்றியும் சீட்டைத் திருப்பியனுப்பச் சிரத்தை கொண்டவர் யார், கொள்ளாதவர் யார் என்பதையும் ஒருவரும் எண்ணவில்லை. கேட்கப்படாத மக்கள் தேர்தல் நாளன்று, தாங்களும் இருப்பதைத் தெரிவித்துக்கொண்டனர். அப்பத்திரிகையும் 1938-ம் ஆண்டில் மறைந்தது.

அத்தலைப்பு பலித்திருந்தால் லாண்டன் அவர்களின் அரசாட்சி எப்படி இருந்திருக்கும்? தொலைபேசி உடையவனே குடிமகன் என்று சட்டம் வந்திருக்கும். மந்திரிசபையைத் தொலைபேசியிலேயே கூட்டியிருப்பர். ஏழைகள் குறை சொல்ல அழைத்தால், "ராங் நம்பர்" என்னும் ஒரே விடையைக் கொண்டு எல்லா இலாகாக்களும் செவ்வனே நடந்திருக்கும். நம்மிற் சிலர், அவ்வாட்சியை இங்கேயே கண்டிருக்கிறோம் என்று முணுமுணுப்பது என் செவியில் விழுகின்றது. அதனுள் யான் புகமாட்டேன்.

மூன்றாவது, தெளிவு. தெளிவு என்பது, தனக்கு ஐயமே இல்லை என்னும் நிலை. அந்நிலை பண்டிதர்களுக்கும் பத்திராதிபர்களுக்கும் எளிதிற் கைகூடும். 1903-ம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் லாங்லி என்னும் பெரிய விஞ்ஞானியின் பறக்கும் பொறி ஆற்றில் விழுந்தது. உடனே, அக்டோபர் 9-ம் தேதி, "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகை "பறவாத பறக்கும் பொறிகள்" என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை வெளியிட்டது. கணித வல்லாரும் பொறி வல்லாரும் இடைவிடாது கூடி உழைத்தால், பத்து இலட்சம் ஆண்டு முதல் ஒரு கோடி ஆண்டுக்குள் மனிதன் பறக்கும் பொறி செய்யலாம் என்பது அதன் கருத்து. நமது சாஸ்திரக் கணக்கிற் கலியுகமே 4,32,000 ஆண்டுகள்தாம். அப்பத்திரிகை கொடுத்த குறைந்த தவணையே இரண்டு கலியுகத்தினும் அதிகம்!

சைக்கிள் கடை நடத்தி வந்த ரைட் சகோதரர் இருவரும் அத்தலைப்புக்குப் பணிந்திருப்பின் என்ன ஆகும்? "தம்பி, நமக்கு இன்னும் இரண்டு யுகம் அவகாசம் இருக்கின்றது, இப்போது இந்தச் சைக்கிளுக்குக் காற்றடிப்போம்" என்று அண்ணன் கூறியிருப்பார். விமானம் இராது, துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் பிள்ளைகள் கப்பலில் வந்து சேருவதற்குள் அவர்களுடைய விடுமுறை முடிந்துவிடும். நல்ல காலமாக அவர்கள் பணியவில்லை. கட்டுரை வந்த 69-ம் நாள், 1903 டிசம்பர் 17-ம் தேதி, கிட்டி ஹாக் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அருகில் அவர்கள் பறந்தே விட்டனர்.

வேடிக்கை இதனோடு முடியவில்லை. மறுநாள் நார்போக் நகரத்து "வர்ஜீனியன் பைலட்" பத்திரிகை, பறக்கும் பொறி மூன்று மைல் பறந்ததாகத் தலைப்பிட்டது. அன்று பறந்தவற்றுள் மிக நீண்டது 852 அடி; 59 விநாடி. ஒரு பத்திரிகை யுகாந்தர காலம் பறவாது என்றது. மற்றொன்று மூன்று மைல் பறக்கவிட்டது. விமானமோ இரண்டையும் படியாமல், தன்னால் இயன்ற 852 அடி பறந்து, மணலில் இறங்கியது.

நிற்க. பள்ளிக்கூடத்து வாத்தியார் என்ற முறையில் என்னால் மறக்க முடியாத ஒரு தலைப்பும் உண்டு. ராபர்ட் காடார்ட் என்னும் பேராசிரியர், சந்திரன் வரையிலும் எட்டக்கூடிய ராக்கெட்டைப் பற்றி எழுதினார். 1920 ஜனவரி 13-ம் தேதி "நியூயார்க் டைம்ஸ்" அவரை எள்ளி நகையாடியது. காற்றில்லாத வெளியில் ராக்கெட் எதனை உதைத்துக்கொண்டு முன்னேறும்? உயர்நிலைப் பள்ளிகளில் நாள்தோறும் புகட்டும் அறிவுகூட இவருக்கு இல்லை போலும் என்று எழுதிற்று. ராக்கெட் காற்றை உதைத்துச் செல்லுவதன்று. தன்னிடமிருந்து பின்னே பீறிடும் வாயுவின் எதிர்விசையால் முன்னே செல்லுவது. இதனை நம் பள்ளி மாணவர் பட்டாசுக் காலத்திற் கண்கூடாகக் கண்டு, வாத்தியார் வேட்டியிலும் சோதித்து அறிவர்.

காடார்ட் 1926-ம் ஆண்டில் திரவ எரிபொருள் ராக்கெட்டைப் பறக்கவிட்டார். 1945-ம் ஆண்டிற் காலமானார். 1969 ஜூலை 16-ம் தேதி மனிதர் மூவர் சந்திரனை நோக்கிப் புறப்பட்டனர். மறுநாள் அப்பத்திரிகை, "ஒரு திருத்தம்" என்னும் தலைப்பின் கீழ், ராக்கெட் வெற்றிடத்திலும் இயங்கும் என்பது உறுதியாகிவிட்டதாகவும், பிழைக்கு வருந்துவதாகவும் வெளியிட்டது. 49 ஆண்டு கழித்து! திருத்தத்தைப் படிக்க வேண்டியவர் மறைந்து 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டுப்பாடத்தை ஒரு நாள் தாமதித்துக் கொணரும் மாணவனை யான் இனிக் கோபிக்கலாகாது என்று அன்றே தீர்மானித்தேன்.

சந்திரன் என்றதும் இன்னொரு பழைய கதை நினைவுக்கு வருகின்றது. 1835-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ம் தேதி முதல், நியூயார்க் நகரத்து "சன்" பத்திரிகை ஆறு பகுதிகளாக ஓர் அற்புதச் செய்தியை வெளியிட்டது. சன் என்றால் சூரியன். சூரியன் என்னும் பெயருடையது சந்திரனைப் பற்றி எழுதியது. நன்னம்பிக்கை முனையில் வானாராய்ச்சி செய்துகொண்டிருந்த சர் ஜான் ஹெர்ஷல் என்னும் மெய்யான விஞ்ஞானி, மாபெரும் தொலைநோக்கி ஒன்றினால், சந்திரனில் ஒற்றைக்கொம்பு விலங்குகளையும், இரு காலில் நடக்கும் நீர்நாய் போன்ற பிராணிகளையும், வௌவாற் சிறகுடைய மனிதரையும், நீலமணிக் கோயிலையும் கண்டார் என்பது செய்தி. அவரோ ஒன்றும் அறியார். பத்திரிகையின் விற்பனை ஓங்கியது, ஊரார் மயங்கினர்.

இத்தலைப்பு மெய்யாயிருந்தால் நமக்கு நேரக்கூடிய இன்னல்களைச் சற்றே சிந்தியுங்கள். நம் சங்கத்திற்குச் சந்திரலோகக் கிளை ஒன்று ஏற்பட்டிருக்கும். சந்தா பாக்கி வசூலிக்கப் பொக்கிஷதார் அவர்கள் போனால், அங்கத்தினர் சிறகை விரித்துப் பறந்துவிடுவர். இங்கே நடந்து மறைவோரைப் பிடிப்பதே அவருக்கு அரிதாயிருக்கின்றது! வரன் தேடுவோர் ஜாதகம் பார்க்க முடியாது. சந்திரனிற் பிறந்தவனுக்குச் சந்திரன் எந்த இராசியில் நிற்கும்? காலின் கீழன்றோ நிற்கும்! சோதிடர்கள் சந்திராஷ்டமத்தை எங்கே போய்த் தேடுவர்? அங்குள்ள தாய்மார் பூமியைக் காட்டிச் சோறூட்ட, குழந்தை நம்மைப் பார்த்து அழும். புலவர் பாடோ இன்னும் பரிதாபம். "மதிமுகம்" என்று ஒரு பெண்ணைப் புகழ்ந்தால், வௌவால் முகமோ என்று அவள் சினந்து வழக்குத் தொடுப்பாள்.

அன்பர்களே! இதுகாறும் நன்கு சிரித்தீர்கள். அழைப்பிதழின் தலைப்பு மெய்யாயிற்று என்று மகிழுகின்றேன். இனி ஒரு கேள்வி. இக்கதைகளிற் சிரித்தவர் யார்? ட்ரூமன் சிரித்தார், வென்றவராதலின் சிரித்தார். ரூஸ்வெல்ட் சிரித்திருப்பார். ரைட் சகோதரர் பறந்துகொண்டே சிரித்திருக்கலாம். பொய்த் தலைப்பு வலியோர்மேல் விழுந்தால் வேடிக்கையாகின்றது. எளியோர்மேல் விழுந்தால் யாதாகின்றது?

சந்திரனில் வௌவால் மனிதரைக் குடியேற்றிய அந்தச் "சன்" பத்திரிகைக்குப் பிற்காலத்தில் "ஈவினிங் சன்" என்னும் மாலைப் பத்திரிகையும் உண்டாயிற்று. 1912 ஏப்ரல் 14-ம் தேதி இரவு "டைட்டானிக்" கப்பல் பனிப்பாறையில் மோதி, 15-ம் தேதி விடியுமுன் மூழ்கிற்று. கம்பியில்லாத் தந்திச் செய்திகள் ஒன்றோடொன்று குழம்பி வந்தன. 15-ம் தேதி மாலை "ஈவினிங் சன்" வெளியிட்ட தலைப்பு, "மோதலுக்குப் பின் டைட்டானிக்கில் இருந்தோர் அனைவரும் பிழைத்தனர்" என்பது. அப்பொழுது ஏறத்தாழ 1,500 பேர் மடிந்து பல மணி நேரம் ஆகியிருந்தது. பிழைத்த எழுநூற்றுச் சொச்சம் பேரை ஏற்றிவந்த "கார்ப்பாத்தியா" கப்பல் நியூயார்க் சேர்ந்தது 18-ம் தேதி இரவில்.

இத்தலைப்பின் விளைவையும் யான் கற்பனை செய்து பார்த்தேன். பிழைப்புத் தேடி மூன்றாம் வகுப்பில் வந்துகொண்டிருந்த ஒரு வாலிபனுடைய அக்காள், நியூயார்க்கில் ஒரு சிறு அறையில் வாழுகின்றாள் என்று கொள்ளுங்கள். காலையிற் கப்பல் மோதிய செய்தி கேட்டுத் துடிக்கின்றாள். மாலையிற் பத்திரிகை வாங்கித் தலைப்பைப் படிக்கின்றாள். அண்டை வீட்டாரிடம் ஓடிச் சொல்லுகின்றாள். தம்பிக்கு ஒரு படுக்கையைத் தட்டி விரிக்கின்றாள். மறுநாள் காலையில் வேறு தலைப்பு வருகின்றது. கப்பற் கம்பெனியின் வாயிலிற் பெயர்ப்பட்டியலுக்காகக் காத்து நின்ற கூட்டம் மெய். அதில் அவளை யான் நிறுத்தியது கற்பனை. ஆயினும் இக்கற்பனைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை, உங்களுக்கும் வரவில்லை.

நம் நாட்டிலும் ஒன்று. 1942 மார்ச் மாதக் கடைசியில், சுபாஷ் சந்திர போஸ் விமான விபத்தில் மாண்டார் என்று செய்தி பரவிற்று. காந்தியடிகள் அவருடைய தாயாருக்கு அனுதாபத் தந்தி அனுப்பினார். செய்தி பொய் என்று தெரிந்ததும் மகிழ்ச்சி தெரிவித்து மீண்டும் தந்தி அனுப்பினார். இடையே அந்தத் தாயார் பட்ட பாட்டுக்குத் திருத்தம் எங்கே வெளியிடுவது? 1945 ஆகஸ்டில் மீண்டும் விமான விபத்துச் செய்தி வந்தபொழுது, நாட்டிற் பலர் அதனை நம்ப மறுத்தனர். ஒரு முறை பொய்த்த வாய், அடுத்த முறை மெய்யே சொன்னாலும் ஐயத்துக்கு இடமாகின்றது.

இவையெல்லாம் பெரிய பத்திரிகைகளின் கதை. நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. இந்நாளில் நம் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் அச்சுக்கூடம் இருக்கின்றது. கைப்பேசியில் வந்த செய்தியை ஒரு விரலாற் தொட்டு நூறு வீடுகளுக்கு அனுப்புகின்றவன் எவனோ, அவனே பத்திராதிபன். அவ்வகையில் இச்சங்கத்தில் ஒரு பத்திராதிபர் செய்த பிழையை, உரியவர்களின் அனுமதி பெற்றே, இப்பொழுது சொல்லப் போகின்றேன்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் நம் காரியதரிசி அவர்கள் கல்வி நிதியைப் பற்றி நான்கு வரி அறிவிப்பு ஒன்று விடுத்தார்கள். பட்டப்படிப்பு மாணவரின் விண்ணப்பம் ஏற்பது முடிந்தது என்பது முதல் வரி. செவிலியர் பயிற்சி, தொழிற்பயிற்சி முதலியவற்றிற் சேருவோர் அம்மாத இறுதி வரையில் விண்ணப்பிக்கலாம் என்பது மூன்றாம் வரி. யாரோ ஓர் அன்பர் அதனைச் சுருக்கி, "கல்வி நிதி முடிந்தது" என்று தலைப்பு மாத்திரம் ஆக்கிக் குழுவிற் போட்டுவிட்டார். அவர் யாரென்று இன்றும் தெரியாது. ஆனால் அதனை எடுத்து எங்கள் தெருவைச் சார்ந்த 42 வீடுகளுக்கும் அனுப்பியவர் யாரென்பது எனக்கு நன்றாகத் தெரியும். பேருந்துக்குக் காத்து நின்றபொழுது, முழு அறிவிப்பையும் படியாமல், ஊருக்கு உபகாரம் செய்கின்றோம் என்னும் திருப்தியோடு அனுப்பியவர், இங்கே ஒருமணி நேரமாகப் பிறர் பிழையை எண்ணிக் காட்டிக்கொண்டிருக்கும் இந்தத் தமிழாசிரியரே.

அந்த 42 வீடுகளுள் ஒன்றில், தையல் வேலை செய்து மகளைப் படிக்க வைக்கும் ஓர் அம்மையார் இருக்கின்றார். மகள் செவிலியர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தாள். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து, கையெழுத்தும் இட்டு வைத்திருந்தாள். என் செய்தியைக் கண்டதும் அதனை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். தாயார் தம் காதுத் தோட்டை அடகு வைத்துக் கட்டணம் கட்டினார். இரண்டு மாதம் கழித்து, வேறு பேச்சின் இடையே, தற்செயலாக இது எனக்குத் தெரிந்தது. அதற்குள் நிதி முழுவதும் பங்கிடப்பட்டுவிட்டது. யான் அவர்கள் வீட்டிற்குப் போய், பிழை என்னுடையது என்று சொன்னேன். அந்த அம்மையார் கோபிக்கவில்லை. "வாத்தியாரையா, நீங்க அனுப்பினதுன்னுதான் நாங்க வேற யாரையும் கேக்கலை" என்று மாத்திரம் சொன்னார்.

அன்பர்களே, இருபது ஆண்டாக யான் பிறருடைய கட்டுரைகளிற் சிவப்பு மையாற் சுழித்து வந்திருக்கின்றேன். அந்த ஒரு வாக்கியத்தைப் போல என்னைச் சுழித்தது வேறில்லை. அதில் எழுவாயும் பயனிலையும் சரியாக இருந்தன. பிழை முழுவதும் என்னிடம் இருந்தது. சிகாகோ பத்திரிகையின் விரைவு என்னிடம் இருந்தது. எல்லாரும் அனுப்புகின்றார்கள் என்னும் மிகுதியும் இருந்தது. எனக்குத் தெரியாதா என்னும் தெளிவும் இருந்தது. இலக்கணம் கால வழுவைப் பொறுப்பது, கேட்போன் உண்மையை அறிவான் என்னும் துணிவினால். "வந்துவிட்டேன்" என்று கத்துபவன் இலையின் முன் இருப்பதை வாயிலில் நிற்கும் நண்பன் ஊகித்துக்கொள்ளுவான். ஆனால் தலைப்பை நம்பி விண்ணப்பத்தை மடித்து வைக்கும் பெண் எதனை ஊகிப்பாள்? அங்கே வழு உண்டு, அமைதி இல்லை.

ஆதலின் சங்கத்தார்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்ளுகின்றேன். விரைவுக்கு மருந்தாக, கடைசி வரி வரையிற் படியாத எதனையும் பிறர்க்கு அனுப்பாதிருப்போமாக. மிகுதிக்கு மருந்தாக, பத்துப் பேர் அனுப்பியது மெய்யாகும் என்று எண்ணாமல், அறிந்தவர் ஒருவரை நேரே கேட்போமாக. பணம், படிப்பு, திருமணம், மரணம் ஆகிய நான்கிலும் காரியதரிசியையோ உரிய வீட்டாரையோ கேளாமல் ஒரு சொல்லும் பரப்பலாகாது. தெளிவுக்கு மருந்தாக, நமது சஞ்சிகையின் முதற் பக்கத்திலேயே "திருத்தம்" என்னும் பகுதி ஒன்று ஏற்படுத்துவோமாக. பிழை எந்த அளவு எழுத்தில் வந்ததோ, அதே அளவு எழுத்தில், அதே வாசகர்க்கு, அடுத்த இதழிலேயே திருத்தம் போய்ச் சேர வேண்டும். 49 ஆண்டு காத்திருக்க நம் பிள்ளைகளுக்கு ஆயுள் உண்டு. கட்டணம் கட்டும் தேதிக்குத் தவணை இல்லை.

அப்பகுதியில் முதலில் வெளியிட வேண்டிய திருத்தத்தை எழுதியே கொண்டுவந்திருக்கின்றேன்: "சென்ற ஆண்டு ஆனி மாதத்திற் கல்வி நிதி முடிந்தது என்று தமிழாசிரியர் அனுப்பிய செய்தி பிழையானது. அவர் வருந்துகின்றார்." அந்த மாணவிக்கு இவ்வாண்டு நிதி கிடைத்துவிட்டது என்பதையும், அவள் இப்பொழுது இரண்டாம் ஆண்டு பயிலுகின்றாள் என்பதையும் கீழே சேர்த்துக்கொள்ளலாம். தோடு இன்னும் மீளவில்லை. அதனைத் தாமே மீட்டுக்கொள்ளுவதாக அந்த அம்மையார் உறுதியாகச் சொல்லிவிட்டார்.

 அழைப்பிதழில் இருந்தபடி முழுவதும் சிரிப்புரையாக முடிக்க இயலாமைக்கு மன்னிக்க வேண்டுகின்றேன். வரும் ஆண்டு என்னை அழைப்பீர்களாயின், அச்சுக்கூடத்திற்கு அனுப்புமுன் அழைப்பிதழை ஒருமுறை என்னிடம் காட்டுங்கள். கடைசி வரி வரையில் படித்துத் தருகின்றேன்.